கூப்பிடுவதற்கு ஒரு பேர்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். வெள்ளையில் செம்புள்ளி போட்ட குட்டி. அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டாங்கச்சியில் பால் ஊற்றினீர்கள், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவள் அதை மடியில் போட்டுக்கொண்டு "ஜானி, ஜானி" என்று கொஞ்சினாளே, அப்போதுதான் கத்தினேன். நாய்க்கு வைக்க ஊரில் வேறு பேரே இல்லையா என்று கேட்டேன். பிள்ளை பயந்துபோய்க் குட்டியைக் கீழே விட்டுவிட்டாள். பெரியவன் மட்டும், "ஜானின்னா கெட்ட வார்த்தையாப்பா?" என்று கேட்டான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அது கெட்ட வார்த்தை இல்லை. எனக்கு இதையெல்லாம் உட்கார்ந்து பேசிச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுகிற எழுத்துதான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜானி என்பது உங்கள் சித்தப்பா.

இன்றைக்கு ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற அதே சித்தப்பாதான். மூன்றரை வயதில் அவனுக்கு அதுதான் பேர். என் தாத்தாவின் பேர்தான் அவனுக்கு வைத்த பேர். என்னுடையது திருச்சுழி சாமிக்கு நேர்ந்துகொண்டு வைத்த பேர். அதனால் தாத்தா பேர் இரண்டாவதாகப் பிறந்தவனுக்குப் போனது. காது குத்தி, மொட்டை போட்டு, ஊரைக் கூட்டிச் சோறு போட்டு வைத்த பேர். ஆனால் அந்தப் பேரைச் சொல்லி அவனை வீட்டில் ஒருவரும் கூப்பிட்டது கிடையாது.

எப்படிக் கூப்பிடுவார்கள்? என் அம்மாவுக்கு அது மாமனார் பேர். வாயில் வரக்கூடாது. எங்கள் எல்லைச்சாமியின் பேரும் அதேதான் என்பதால், அம்மா சாமி கும்பிடும்போதுகூட "எல்லைக்காரரே, காப்பாத்தும்" என்றுதான் கும்பிடுவாள். என் அய்யாவுக்கோ அது பெற்ற தகப்பன் பேர். அதைச் சொல்லிக் கூப்பிட்டு, "ஏண்டா மண்ணத் திங்கிற" என்று எப்படி வைவது? அவர் "ஏலே" என்பதோடு நிறுத்திக்கொள்வார். தாத்தா "பேராண்டி" என்பார். அம்மா "எய்யா", "எஞ்சாமி", "இங்க பாரு" என்று நேரத்துக்கு ஒன்றாகச் சொல்லுவாள். அவளுக்கு நாங்கள் எல்லோருமே எய்யாதான். வாசலில் நின்று அவள் "எய்யா" என்றால் நானும் திரும்புவேன், அடுத்த வீட்டுப் பையனும் திரும்புவான். தம்பி மட்டும் திரும்பமாட்டான்.

பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. பருத்தி, மிளகாய், கம்பு. உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் என் தாய்மாமன் பட்டாளத்திலிருந்து வந்து சேர்ந்தார். அவர் போயிருந்த காலத்தில் அவரைப் பெற்றவர்கள் இரண்டு பேருமே இறந்துவிட்டதால் நேரே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். பங்குனிக்கு முந்திய வெயிலில், முழங்கால் வரை தொங்கும் காக்கிக் கோட்டோடு கரிசல் காட்டு வழியாக நடந்து வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கோட்டை முகர்ந்தால் மண்ணெண்ணெயும் பூஞ்சணமும் கலந்த ஒரு வாசனை. பித்தளைப் பொத்தான்கள். மடித்தால் உள்ளுக்குள் போகிற கைப்பிடி வைத்த தகரச் சாப்பாட்டு டப்பா ஒன்று. அந்தக் கைப்பிடியை மடக்கி மடக்கி நீட்டியே எனக்கு ஒரு நாள் போகும்.

வந்த மறுநாளே மாமா, அம்மா தம்பியைக் கூப்பிடுகிற லட்சணத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னக்கா, கோழியக் கூப்பிடுற மாதிரி பா பாங்கிற? பேரச் சொல்லிக் கூப்பிடேன்."

"நல்லாருக்கே கதை. அது அவுக பேருல்ல?"

"அப்ப நீ கூப்பிட ஒரு பேரு நான் தாரேன். ஜானி."

"என்ன பேருடா அது, பிஸ்கோத்துப் பேரு மாதிரி."

"பட்டாளத்துல என்னைய அப்படித்தான் கூப்பிடுவாக. நல்ல ராசியான பேருக்கா. நீ கூப்பிட்டுத்தான் பாரேன்."

அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜானி" என்றாள். வண்டித்தடத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தான். மாமா சிரித்துக்கொண்டே கோட்டிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்து அவன் அரைஞாண் கயிற்றில் கோத்துவிட்டார்.

"மாமா, எனக்கு?" என்று கேட்டேன்.

"ஒனக்குத்தான் பேரு இருக்குல்ல மாப்ள. எல்லாரும் அதச் சொல்லித்தான கூப்பிடுறாக? இந்தப் பயலுக்குத்தான் பேரிருந்தும் இல்ல."

மாமா சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வயது பத்து. அன்றைக்கு ஆரம்பித்தது.

பிள்ளைகளா, அதற்குப் பிறகு அம்மா மாறித்தான் போனாள். தாத்தா காட்டுக்குப் போன பிறகு வீட்டில் ஒரே ஜானிதான். கஞ்சி காய்ச்சும்போது ஜானி, தலைக்கு எண்ணெய் வைக்கும்போது ஜானி. அதை அவள் பாட்டு மாதிரி இழுத்து, கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கிச் சொல்லுவாள். ஒரு பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவ்வளவு சந்தோஷமா என்று இருக்கும். இத்தனைக்கும் என்னை அவள் என் பேர் சொல்லித் தினமும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதில் அந்த இழுவை இல்லை என்று எனக்குப் பட்டது. நிஜமாகவே இல்லையா, எனக்குத்தான் கேட்கவில்லையா, தெரியாது.

நான் போய் எங்கள் வாத்தியாரிடம், "சார், ஜானின்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

அவர் நல்ல மனுஷர். கேட்டதற்கு ஒழுங்காகச் சொன்னார். "ஜான்ங்கிறது மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க பேரு. அதச் செல்லமாச் சொன்னா ஜானி. நாம மாரியப்பன மாரின்னு கூப்பிடுறோம்ல, அது மாதிரி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா பட்டாளத்துல வேற மாதிரி. நம்மாளு யாரா இருந்தாலும் சரி, பேரு என்னன்னு கேக்குறதில்ல. வெள்ளக்காரன் பொதுவா ஜானின்னு கூப்பிட்டு வேலை சொல்லுவான்" என்றார்.

செல்லம் என்று அவர் சொன்ன முதல் பாதியை வழியிலேயே விட்டுவிட்டு, இரண்டாம் பாதியை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்று ஆண்கள் எல்லோரும் வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தாத்தா, அய்யா, மாமா, நான். அம்மா கம்பஞ்சோற்றுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "தாத்தா, தம்பிய எல்லாரும் ஜானின்னு கூப்பிடுறாக. அது பேரு கேக்காமலே வெள்ளக்காரன் கூப்பிடுற பேராம். வாத்தியார் சொன்னாரு."

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. தாத்தா தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. மாமாவைப் பார்த்தார்.

"ஒன்னையப் பேரு கேக்காமக் கூப்பிட்டான், நீ போனெ. அது ஒம் பாடு. எம் பேரனையும் அப்படிக் கூப்பிடணுமாய்யா?"

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எம் பேரத் தாங்குனவன். இனிமே அந்தச் சொல்லு இந்த வீட்டுல எங் காதுல விழுகப்படாது."

சாப்பிட்டு முடித்ததும் தாத்தா தம்பியை மடியில் உட்காரவைத்து, அரைஞாணில் தொங்கிய பொத்தானைப் பாக்குவெட்டியால் நறுக்கி எறிந்தார். தம்பி பொத்தானுக்காக அழுதான். நான் அதைத் தேடி எடுத்து ஒளித்து வைத்தேன். பிறகு அதுவும் எங்கேயோ தொலைந்துபோனது. தாத்தாவை நீங்கள் தப்பாக நினைக்காதீர்கள். தன் பேர் தனக்குப் பிறகும் ஒரு பிள்ளையின் மேல் நிற்க வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். நிற்க வைத்தால் போதாது, கூப்பிடவும் வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மாமா மறுநாள் கோட்டையும் டப்பாவையும் மூட்டை கட்டினார். அருப்புக்கோட்டையில் பருத்தி லோடு ஏற்றுகிற வேலை இருக்கிறதாம். வண்டித்தடம் வரைக்கும் நான் கூடப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. குற்றம் செய்தவனுக்குக் கால் அங்கேயே போகும் போல.

"வாத்தியார் சொன்னது எனக்கும் தெரியும்ல மாப்ள" என்றார் மாமா. "எங்க கேம்ப்புல அத்தன பேரும் ஜானிதான். ஒரு ஆளக் கூப்பிட்டா நாப்பது பேரு திரும்புவோம்."

"பெறகு ஏன் மாமா தம்பிக்கு வச்சீக?"

"பர்மாவுல ரோடு போடுறப்ப எனக்குக் குளிர்காய்ச்சல் வந்துருச்சு. மழையான மழை. நெனவே இல்ல. ஒரு வெள்ளக்கார சார்ஜண்டு எம் பக்கத்துலயே ஒக்காந்து, தூங்க விடாம ஜானி ஜானின்னு கன்னத்தத் தட்டிக்கிட்டே இருந்தான். எங்கேயோ போய்க்கிட்டிருந்தவன் அந்தச் சத்தத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் திரும்பி வந்தேன். மத்த நேரம் கூப்பிட்டதெல்லாம் யாருக்கோ. அன்னைக்குக் கூப்பிட்டது எனக்குத்தான்."

கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன் மாப்ள" என்று போய்விட்டார்.

மறு வருஷப் பங்குனியில் அருப்புக்கோட்டை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். தாத்தா, அய்யா, அம்மா, நான், தம்பி. அந்த ஒரு வருஷமும் அம்மா பழையபடி "எய்யா" என்றுதான் இருந்தாள். ஆனால் சோறு ஊட்டும்போது அவன் காதோடு வாயை வைத்து என்னவோ சொல்லுவாள். அவன் சிரிப்பான். என்ன சொல்லுகிறாள் என்று எனக்குத் தெரியும். தாத்தாவிடம் அதையும் சொல்லலாமா என்று ஒரு தடவை நினைத்தேன். சொல்லவில்லை. என் கணக்கில் நான் செய்த புண்ணியம் அது ஒன்றுதான்.

கோயிலைச் சுற்றி எள் போட்டால் எள் விழாத கூட்டம். அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறவர்களுக்கு வழி விட்டு ஜனம் ஒதுங்கியது. புகை, மேளம், வேப்பிலை, சேவு சுடுகிற எண்ணெய் வாசனை. தம்பி அம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்தான். கூட்டம் ஒரு அலை மாதிரி வந்து போனது. அது போன பிறகு முந்தானை மட்டும்தான் இருந்தது.

முதலில் அய்யா கிழக்கே ஓடினார். தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு ராட்டினம் பக்கம் நடந்தார். அம்மா பின்னாலேயே வந்தாள். தாத்தா கூப்பிட ஆரம்பித்தார்.  அந்தக் கிழவர் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்க, அத்தனை ஜனத்துக்கு நடுவில் தன் பேரைத் தானே சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டு போனார். சேவுக்கடைக்காரன் ஒருவன், "யார்யா பெரியவரே காணோம்?" என்று கேட்டான். "நான்தான்யா, எம் பேரன்தான்யா" என்று உளறினார்.

அம்மா "எய்யா! எஞ்சாமி!" என்று கத்தினாள். எத்தனையோ பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன.

ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் அவள் நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. தாத்தாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் உதடு அந்த இரண்டெழுத்துக்குக் கூடியதை நான் பார்த்தேன். தாத்தா அப்போதும் தன் பேரைக் கூவிக்கொண்டுதான் இருந்தார். அம்மா அந்தச் சொல்லை விழுங்கினாள். விழுங்கிவிட்டு, பதினாலு வருஷமாக வாயில் வராத சொல்லை, மாமனார் எதிரிலேயே, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். தாத்தா பேரை. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப.

அக்கம்பக்கத்தில் எங்கள் ஊர்க்காரிகள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாரும் வரவில்லை. எப்படி வருவான்? அந்தப் பேர் தன்னுடையது என்று அவனுக்குத் தெரியாதே.

எனக்குத் தெரியும். என் வாய் சும்மாதான் இருந்தது. நான் "ஜானி" என்று கத்தியிருக்கலாம். பத்துப் பதினோரு வயதுப் பையனின் சத்தம் எட்டூருக்குக் கேட்கும். கத்தவில்லை. தாத்தா என் கையைப் பிடித்திருந்தார், பயம்தான். பின்னால் யார் கேட்டாலும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் பயம் பாதிதான். என்னை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருவேனோ, அப்படி அவனும் வரட்டுமே என்று ஒரு பிடிவாதம் உள்ளே உட்கார்ந்திருந்தது. ஜானி என்கிற பேர் ஜெயித்துவிடக் கூடாது.

தமுக்கு அடிக்கிறவரைப் பிடித்துத் தெருத்தெருவாகச் சொல்ல வைத்தோம். இன்ன பேர், மூன்றரை வயது, பரளச்சிப் பக்கம். ஒரு தகவலும் இல்லை. ராத்திரி கோயில் மண்டபத்தில் கிடந்தோம்.

விடிந்து வெயில் வந்த நேரம் மாமா ஓடி வந்தார். விருதுநகருக்கு லோடு போய்விட்டுத் திரும்பியவர், பஸ்ஸு நிற்கிற இடத்து டீக்கடையில் கேள்விப்பட்டிருக்கிறார்.

"என்ன பேரச் சொல்லித் தேடுனீக?" என்றார் அம்மாவிடம்.

அம்மா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தாத்தா தன் பேரை மெதுவாகச் சொன்னார். தொண்டை கட்டிப்போயிருந்தது.

மாமா வேறொன்றும் கேட்கவில்லை. தெருவில் இறங்கி, பட்டாளத்துச் சத்தத்தில், "ஜானீ! ஏலே ஜானீ!" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். நெசவுக்காரர் தெரு தாண்டி, மாதா கோயில் மதில் ஓரமாகப் போகும்போது, உள்ளேயிருந்து "மாமா" என்று ஒரு சத்தம். கூப்பிட்டவர் யாரென்று ஒரு வருஷம் கழித்தும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

நெசவுக்கார அம்மா ஒருத்திதான் அவனைக் கூட்டத்தில் எடுத்திருக்கிறாள். பேர் கேட்டதற்கு ஜானி என்றிருக்கிறான். அப்படியென்றால் வேதக்கார வீட்டுப் பிள்ளை என்று மாதா கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரிடம் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். அவரும் தம் ஜனங்கள் வீடு வீடாக, "யார் வீட்டு ஜானி?" என்று கேட்டு அலைந்திருக்கிறார்.

"தமுக்குச் சத்தம் எங்களுக்கும் கேட்டுச்சுய்யா" என்றார் உபதேசியார். "அந்தப் பேரச் சொல்லி, நீதானான்னு புள்ளகிட்டக் கேட்டேன். இல்ல, நான் ஜானின்னு தலைய ஆட்டிட்டான். அதான் வேற புள்ளைன்னு விட்டுட்டேன்."

பிள்ளை கிடைத்தான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஊருக்குப் போவதற்குள் சேதி முன்னாடி போய்விட்டது. கிணற்றடியில் அம்மா குடத்தோடு போனால், "பேரச் சொன்னவ வாரா, வழி விடுங்கடி" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். அம்மா யாரும் இல்லாத உச்சிவெயிலில் தண்ணீர் எடுக்கப் போக ஆரம்பித்தாள். தாத்தா ஒரு வார்த்தை வையவில்லை. ஆனால் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்திவிட்டார். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்வார். சாகிற வரைக்கும் அப்படித்தான்.

மாமாவை அன்றைக்கு யாரும் வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. அவராகவும் வரவில்லை. கொஞ்ச வருஷத்தில் நெஞ்சு வலி வந்து லோடு வண்டியிலேயே போய்விட்டார். தம்பி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். தாத்தா பேரிலேயே வாத்தியார் கூப்பிட, அதற்கே பழகிக்கொண்டான். அம்மா அவனைக் காதோடுகூட அதன்பிறகு ஜானி என்று சொன்னதில்லை. எந்தப் பேரும் சொன்னதில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆன பிறகும் "எய்யா"தான்.

அவள் படுக்கையில் கிடந்த காலத்தில் ஒரு நாள், கால் அமுக்கிக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தாளோ, "நீயும் அன்னைக்குப் பக்கத்துலதானப்பா நின்ன?" என்றாள். "நீயாவது கூப்பிட்டிருக்கப்படாதா?"

"தாத்தா வைவாருன்னு பயந்துட்டேம்மா" என்றேன். அப்போதும் பாதிதான் சொன்னேன்.

"ஆமா, சின்னப்பய. நீ என்ன செய்வ" என்று அவளே என்னைச் சமாதானப்படுத்தினாள்.

இதுதான் விஷயம். குட்டியின் பேரை மாற்ற வேண்டாம். சித்தப்பா வந்தால் அவனிடமும் இதைக் காட்டுங்கள். அவனுக்கு இது ஞாபகம் இருக்க வழியில்லை.

இன்று காலையில் நீங்கள் எல்லோரும் பள்ளிக்கூடம் போன பிறகு, உங்கள் அம்மாவும் கடைக்குப் போயிருந்தாள். நான் கொல்லைப்பக்கம் போனேன். குட்டி வேப்பமரத்து நிழலில் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கிணற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போய் நின்றேன். யாரும் இல்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் இழுத்து, கடைசியில் மேலே தூக்கி, "ஜானி" என்று கூப்பிட்டேன்.

ஒரு தடவைதான் கூப்பிட்டேன். ஓடி வந்துவிட்டது.